கடிக்கத் துடிக்கும் குட்டிக்கு எதைக் கொடுப்பது?

கொச்சிக்குத் தெற்கே காயல் சூழ்ந்து கிடக்கும் ஊர் கும்பளங்கி. மட்டாஞ்சேரியிலிருந்து அதிக தூரமில்லை. கரையெங்கும் சீனவலைகள், பொக்காளி நெல் விளையும் உப்பு நிலம், நெல் அறுத்ததும் அதே நிலத்தில் இறால் வளர்ப்பு. நாட்டின் முதல் மாதிரிச் சுற்றுலாக் கிராமம் என்று பெயர் பெற்ற ஊர் இது. 2019-ல் வெளிவந்த 'கும்பளங்கி நைட்ஸ்' என்ற மலையாளப் படம் இதன் பெயரைத் தமிழ்நாடு வரைக்கும் கொண்டு சென்றது.

சுற்றுலா வருபவர்கள் வலையையும் காயலையும் பார்ப்பார்கள். வீட்டில் நாலு மாத நாய்க்குட்டி வைத்திருப்பவர் பார்க்க வேண்டியது தரையை! கிழிந்த நைலான் வலை, அதில் கோத்த ஈயமணி, துருப்பிடித்த தூண்டில் முள், நண்டு ஓடு, மீன் தலை, தேங்காய் மட்டை... இவ்வளவும் முற்றத்துக்கு எட்டின தூரத்திலேயே கிடக்கும். ஈறு தினவெடுத்த குட்டிக்கு இவை எல்லாமே பலகாரக் கடை.

காவலுக்காகவும் துணைக்காகவும் குட்டி வளர்க்கும் தமிழ்க் குடும்பங்கள் கொச்சிப் பக்கத்தில் உண்டு. கிடங்கில் மூட்டை தூக்குபவர், கடையில் கணக்கு எழுதுபவர், வலைக்காரரிடம் கூலிக்குப் போகிறவர் என்று பல தரத்தினர். வாடகை வீடு, சிறிய முற்றம். காலையில் ஆள் வேலைக்குப் போய்விட்டால் குட்டி தனியே இருக்கும். மாலையில் வந்து பார்த்தால் செருப்பு ஒரு மூலையில், கிழிந்த பாய் ஒரு மூலையில். கோபம் வராமல் என்ன செய்யும்? குட்டிக்கு இரண்டு அடி விழும். ஆனால் அடித்துப் பயனில்லை. குட்டி குறும்புக்காகக் கடிக்கவில்லை. கடிக்காமல் அதனால் இருக்க முடியாது.

28 பல் போய் 42 பல்

நாய்க்குட்டி பிறக்கும்போது அதன் வாயில் பல் கிடையாது. மூன்றாவது வாரத்திலிருந்து பால்பற்கள் முளைத்து 28 ஆகும். ஊசி போலக் கூர்மையானவை அவை. நாலாவது மாதம் நெருங்கும்போது ஒவ்வொன்றாக ஆடி விழத் தொடங்கும். ஏழாம் மாதத்துக்குள் நிலையான பற்கள் 42-ம் வந்துவிடும். மனிதக் குழந்தைக்குப் பால்பல் 20. அவை முழுதும் மாறி முடிய ஆறேழு ஆண்டு ஆகிறது. நாய்க்கோ அந்த வேலை மூன்று, நான்கு மாதத்தில் முடிந்தாக வேண்டும். ஈறு எவ்வளவு வலிக்கும் என்று சொல்லவும் வேண்டுமா?

இந்த நாட்களில் குட்டியின் எச்சிலில் சற்று ரத்தம் தெரியலாம். சோற்றைப் பாதியில் விட்டுவிட்டு எழுந்து போகலாம். விழுந்த பல்லை விழுங்கிவிடுவதும் வழக்கம். இதற்கெல்லாம் பயப்பட வேண்டியதில்லை. குழந்தைக்கு ஈறில் தடவும் மரப்பு மருந்தைக் குட்டிக்குத் தடவுவதும், வலிக்கு என்று பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் மாத்திரை கொடுப்பதும்தான் ஆபத்து. மனிதனுக்கு மருந்தாகும் இந்த மாத்திரைகள் நாய்க்கு நஞ்சாகும்.

குட்டிக்குத் தேவை ஒன்றுதான்: கடிக்க ஒரு பொருள். நாம் கொடுக்காவிட்டால் அது தானே தேடிக்கொள்ளும்.

கரையில் கிடப்பவை

கும்பளங்கி போன்ற ஊரில் அது எதையெல்லாம் தேடிக்கொள்ளும் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம். பட்டணத்துப் புத்தகங்களில் இவை இருக்காது.

முதலில் தூண்டில் முள். இரை ஒட்டிய முள்ளைக் குட்டி நக்கும். நக்கும்போதே உதட்டிலோ நாக்கிலோ குத்திக்கொள்ளும். விழுங்கிவிட்டால் தொண்டையிலோ இரைப்பையிலோ மாட்டும். வாய்க்கு வெளியே நரம்பு தொங்குகிறதே என்று பிடித்து இழுப்பவர்கள் உண்டு. இழுக்கவே கூடாது! இழுக்க இழுக்க முள் ஆழமாக ஏறும். தொங்கும் நரம்பை அறுத்துவிடவும் கூடாது; அதைப் பிடித்துத்தான் டாக்டர் முள்ளைத் தேடுவார். நரம்பின் நுனியைக் கழுத்துப் பட்டையில் கட்டிவிட்டு நேரே மிருக ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நைலான் வலை இழை இன்னொரு எமன். நூல் போன்ற எந்தப் பொருளுக்கும் ஒரு கெட்ட குணம் உண்டு. ஒரு முனை இரைப்பையில் சிக்கிக்கொண்டால் மறுமுனை குடலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். குடல் அதைத் தள்ளப் பார்க்கும், நூலோ நகராது. பாவாடை நாடாவை இழுத்தால் துணி சுருங்குகிறதல்லவா, அப்படிக் குடல் சுருங்கி, கடைசியில் நூலே குடலை அறுத்துவிடும். பின்புறத்தில் நூல் எட்டிப் பார்த்தாலும் இதே விதிதான், இழுக்கக் கூடாது.

வீச்சு வலையின் ஓரத்தில் கோக்கும் ஈயமணியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. ஈயம் மெதுவானது, குட்டியின் பல் எளிதில் பதியும். விழுங்கிய மணி இரைப்பைப் புளிப்பில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் சேரும். வாந்தி, வயிற்று வலி, பிறகு வலிப்பு. வலிப்பைக் கண்டு வேறு நோய் என்று நினைத்து நாளைக் கடத்திவிடுவதும் உண்டு. வலை பழுது பார்க்கிற வீடுகளில் மணிகளை ஒரு டப்பாவில் போட்டு மூடி வைப்பது குட்டிக்கு மட்டுமல்ல, வீட்டுக் குழந்தைக்கும் நல்லது.

அடுத்தது மீன். கரிமீன் கேரள அரசு 2010-ல் மாநில மீனாக அறிவித்த மீன். விருந்தாளிக்குப் பொரித்து வைப்பது. சாப்பிட்டு மிஞ்சிய முள்ளை முற்றத்தில் எறிவது வழக்கம். பெரிய நாய்கள் எப்படியோ தின்று தப்பித்துவிடும். நாலு மாதக் குட்டியின் தொண்டை அவ்வளவு அகலமில்லை. கெளுத்தி இன்னும் மோசம். அதன் முதுகிலும் பக்கத்திலும் உள்ள முள்ளில் ரம்பம் போல் பல் இருக்கும். குத்தினால் திரும்பி வராது. உடம்பை உப்பிக்கொள்ளும் பேத்தை மீன் வலையில் வந்தால் அதை வேண்டாம் என்று கரையில் எறிவார்கள். பேத்தையின் நஞ்சு பெயர் பெற்றது. சீனவலையருகே குட்டியை அவிழ்த்து விடுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

காயலோரத்து வேலிகளில் ஒதளம் என்ற மரத்தைப் பார்க்கலாம். வெள்ளைப் பூ, பச்சை மாங்காய் போன்ற காய். காய்ந்து உதிர்ந்தால் மேல்தோல் அழுகிப் போய், நார் நாராக ஓர் உருண்டை மிஞ்சும். தண்ணீரில் மிதந்து வந்து எந்தக் கரையிலாவது ஒதுங்கும். பார்த்தால் சிறு தேங்காய் மட்டைத் துண்டு போலவே இருக்கும். கடித்து விளையாடக் குட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? ஆனால் உள்ளே இருக்கும் கொட்டையில் செர்பெரின் என்ற நஞ்சு. அது இருதயத் துடிப்பையே நிறுத்திவிடும். நம் ஊர் அரளியும் அதே குடும்பம், அதே மாதிரி நஞ்சு. ஒதள மரம் எது என்று பக்கத்து வீட்டு மலையாளிப் பெரியவரைக் கேட்டால் உடனே காட்டுவார்.

பாக்கும் உருண்டு வரும் பொருள்தான். அதிலுள்ள அரிக்கோலின் ஒரு காலத்தில் நாய்க்குப் பூச்சி மருந்தாகவே கொடுக்கப்பட்டது. அளவு மீறினால் எச்சில் ஒழுகி, வயிறு கலங்கி, குட்டி சோர்ந்து விழும். வெற்றிலை போடும் பெரியவர் வீட்டில் இருந்தால் பாக்குப் பையும் புகையிலைப் பொட்டலமும் உயரத்தில் இருக்கட்டும். அணைத்தெறிந்த பீடித் துண்டுகூடக் குட்டிக்கு ஆகாது.

எலும்பு கொடுக்கலாமா?

நாய் என்றால் எலும்பு என்று நாம் பழகிவிட்டோம். சினிமாவிலும் அப்படித்தான், படக்கதையிலும் அப்படித்தான். ஆனால் குழம்பில் வெந்த எலும்பு ஈரம் வற்றி மொறுமொறுவென்று ஆகிவிடும். கடித்தால் சில்லுச் சில்லாகச் சிதறும். ஒவ்வொரு சில்லும் ஓர் ஊசி. கோழிக் கால் எலும்பு இதில் முதலிடம். ஞாயிற்றுக்கிழமை கறி வாங்கும் வீடுகளில் திங்கட்கிழமை குட்டிக்கு வாந்தி என்றால் காரணத்தை வேறெங்கும் தேட வேண்டாம்.

பச்சை எலும்பு சிதறாது என்பார்கள். அது ஓரளவுக்கே உண்மை; பெரிய மாட்டெலும்போ பல்லைவிடக் கடினம். மேல்தாடைப் பக்கப் பல் பிளந்து போகும். பச்சைக் கறியில் இருக்கும் கிருமி அதைத் தொட்டு விளையாடும் குழந்தைக்கும் ஒட்டும். ஆகவே பல் மாறும் மாதங்களில் எலும்பையே மறந்துவிடுவது நல்லது.

தேங்காய்ச் சிரட்டை உடைந்தால் கத்தி. மட்டை நார் வயிற்றில் கரையாது. பந்தாகச் சேர்ந்து அடைத்துக்கொள்ளும். கொச்சியில் எந்தத் திண்ணையைப் பார்த்தாலும் தேங்காய் நார்க் கயிறு இருக்கும். குட்டியைக் கட்டுவதும் அதே கயிற்றில்தான். கட்டிய கயிற்றையே தின்றுவிடும் குட்டிகள் உண்டு! மாங்கொட்டை, பலாக்கொட்டை, மக்காச்சோளத் தக்கை ஆகியவை முழுசாக உள்ளே போனால் குடலில் நின்றுவிடும்.

அப்படியானால் எதைத்தான் கொடுப்பது?

மூன்று சோதனைகள் போதும். முதலாவது, நகத்தால் அழுத்தினால் கொஞ்சமாவது பதிய வேண்டும். அந்தப் பொருளால் உங்கள் கால்முட்டியில் ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். 'ஐயோ' என்றால் குட்டியின் பல்லுக்கும் அது ஆகாது. இரண்டாவது, முழுசாக வாய்க்குள் போகக் கூடாது. மூன்றாவது, நூலாகவோ சில்லாகவோ பிரியக் கூடாது. இந்த மூன்றிலும் தேறியது எதுவானாலும் கொடுக்கலாம். விலை முக்கியமில்லை.

மிக மலிவானது காரட். தடித்த, பெரிய காரட்டைத் தோல் சீவி, குளிர்பெட்டியில் வைத்துக் கொடுத்தால் குளிர்ச்சியில் ஈறு வலி அடங்கும். கடித்துத் தின்றாலும் கெடுதலில்லை. கட்டை விரல் அளவுக்குத் தேய்ந்ததும் வாங்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தத் துண்டே தொண்டையை அடைக்கும். வெள்ளரிக்காயும் நல்லதுதான். ஒற்றை அறையில் இருப்பவரிடம் குளிர்பெட்டிக்கு எங்கே போவது? மண்பானைத் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்த காரட்டும் குளிர்ந்துதான் இருக்கும்.

தடித்த பருத்தித் துண்டு ஒன்றை நனைத்து, முறுக்கி, நடுவில் முடிச்சுப் போட்டு உறைய வைத்துக் கொடுப்பது இன்னொரு வழி. ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும், பத்து நிமிடம். பிறகு வாங்கிவிட வேண்டும். நூல் பிரிந்ததும் அந்தத் துண்டு குப்பைக்கு. பழைய பனியன் வேண்டாம். ஒரே நாளில் நூலாகிவிடும்.

பழைய செருப்பைக் கொடுக்கும் வழக்கத்தை அடியோடு விட வேண்டும். இது பழசு, அது புதுசு என்று குட்டிக்குத் தெரியுமா? தோல் வாசனை இரண்டுக்கும் ஒன்றே. நேற்றுப் பழசைக் கடிக்கச் சொல்லிவிட்டு இன்று புதுசைக் கடித்ததற்கு உதைத்தால் குற்றம் யாருடையது?

துணி உலர்த்தும் கொடியும் எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும். ஃபோர்ட் கொச்சி தோபிகானாவில் தலைமுறை தலைமுறையாகத் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்கள் கிளிப் போடாமல், முறுக்கிய இரட்டைக் கயிற்றின் நடுவே துணியைச் செருகி உலர்த்துவார்கள். காற்றுக்கு அசையாத அந்தத் துணி குட்டி இழுத்தால் வந்துவிடும். சலவைச் சோடா, பிளீச்சிங் பவுடர் தோய்ந்த துணியென்றால் வாய் வெந்து போகும்.

கடையில் வாங்குவதானால்

கேரளம் ரப்பர் நாடு. நாய்க்குக் கடிக்க ரப்பர் பொம்மையைப் போல் நல்லது வேறில்லை. இதற்கு ஒரு வேடிக்கையான கதை உண்டு. 1970-களில் அமெரிக்காவில் ஜோ மார்க்கம் என்பவர் போலீசில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஓர் அல்சேஷன் நாயை வளர்த்தார். அது கல்லைக் கடித்துப் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தது. ஒரு நாள் அவர் வேன் பழுது பார்க்கும்போது கழற்றிப் போட்ட ரப்பர் பாகத்தை அது கவ்விக்கொண்டது, கல்லைத் தொடவில்லை. அந்த வடிவத்தில் அவர் செய்து விற்றதுதான் இன்று உலகமெங்கும் விற்கும் 'காங்' என்ற பொம்மை. உள்ளே குழிவாக இருக்கும். அதில் உப்புப் போடாத தயிர்சாதத்தை அடைத்துக் குளிர வைத்துக் கொடுத்தால் குட்டி அரை மணி நேரம் நம்மைத் திரும்பிப் பார்க்காது. பல் மாறும் குட்டிகளுக்கென்றே மெதுவான ரப்பரில் தனியாக வருகிறது. பெரிய நாய்க்கான கெட்டி ரப்பர் இப்போது வேண்டாம்.

கடையில் கொடுக்கும் எல்லாவற்றையும் வாங்கிவிடக் கூடாது. வெள்ளையாக, முடிச்சுப் போட்ட எலும்பு போல் தொங்குமே, அது பதப்படுத்தாத மாட்டுத் தோல். ஊறினால் பெருக்கும், துண்டாக விழுங்கிவிட்டால் அடைப்பு. குளம்பும் மான் கொம்பும் கால்முட்டிச் சோதனையில் தோற்றுவிடும். கீச்சுக் கீச்சென்று கத்தும் பொம்மையின் உயிரே உள்ளே இருக்கும் சிறு ஊதுகுழல்தான். குட்டி முதலில் தோண்டி எடுப்பதும் அதைத்தான்.

குழந்தைகளின் பொம்மையைக் குட்டிக்குக் கொடுத்தால் என்ன என்று கேட்கலாம். 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். அந்த முத்திரை குழந்தையின் கையை நினைத்து வைத்தது, நாயின் கடைவாய்ப் பல்லை நினைத்து அல்ல. பொத்தான் கண், பஞ்சு, பொத்தான் பாட்டரி எல்லாம் வயிற்றுக்குப் போகும். நாய்ப் பொம்மைக்கோ அந்த உத்தரவு பொருந்தாது. ஆகவே மூன்று சோதனையை வாங்குபவர்தான் செய்துகொள்ள வேண்டும்.

அளவிலும் ஒரு கண் வேண்டும். ஊரிலிருந்து ராஜபாளையம் குட்டி கொண்டு வருபவர்கள் உண்டு. 2005-ல் தபால்தலையில் இடம் பெற்ற சாதி அது. ஆறு வாரத்தில் அதன் வாய் எவ்வளவு வளர்ந்துவிடும் தெரியுமா? போன மாதம் வாய்க்குள் போகாத பந்து இந்த மாதம் தொண்டையில் நிற்கும்.

கையே பொம்மையாகக் கூடாது

விரலைக் கொடுத்துக் கடிக்கவிட்டு விளையாடுவது பலருக்குப் பழக்கம். பால்பல் தானே என்று சிரிப்பார்கள். பாலோ நிலையோ, ரத்தம் கசிந்தால் அது நாய்க்கடிதான். வெறிநோய்க் கிருமி இருப்பது நாயின் எச்சிலில். குட்டியானால் இராது என்ற விதி இல்லை. குட்டிக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுவது மூன்று மாதம் நிறைந்த பிறகு. அது கடிக்கத் துடிப்பது அதற்கு முன்பே தொடங்கிவிடும். தெருவிலிருந்து எடுத்து வந்த குட்டியானால் அதன் தாயைப் பற்றி நமக்கு என்ன தெரியும்?

ஆகவே பல் பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது. பிறகு நேரே அரசு ஆஸ்பத்திரி. தொப்புளைச் சுற்றி ஊசி போடுவார்களே என்ற பழைய பயம் வேண்டியதில்லை. குன்னூரிலும் மற்ற இடங்களிலும் தயாரான அந்தப் பழைய மருந்து 2005 முதல் இந்தியாவில் இல்லை. இப்போது தோள்பட்டையில் போடுகிறார்கள்: முதல் நாள், 3-ம் நாள், 7-ம் நாள், 28-ம் நாள். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே இன்னொரு மருந்தும் போட வேண்டியிருக்கும். நோய் வெளிப்பட்ட பிறகு மருந்து கிடையாது. கூலி போகுமே என்று 28-ம் நாள் ஊசியை விட்டுவிடுகிறவர்கள் இதை நினைக்க வேண்டும்.

குட்டி அழுத்திக் கடித்தால் 'ஆ' என்று சொல்லிக் கையை எடுத்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, பிறகு காரட்டையோ ரப்பரையோ வாயில் கொடுக்க வேண்டும். வாயில் அடித்தால் குட்டி இன்னும் வேகமாகக் கடிக்கத்தான் கற்கும்.

விழுங்கிவிட்டால்

திரும்பத் திரும்ப வாந்தி, சோறு வேண்டாமை, வயிற்றைத் தொட்டால் முனகல், வெளிக்குப் போக முக்கியும் வராமை: இவற்றில் ஒன்று கண்டாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரி. உப்புக் கரைசல் ஊற்றி வாந்தி எடுக்க வைப்பது பழைய வைத்தியம். உப்பே குட்டியைக் கொன்றுவிடும். கூரான பொருளானால் வாந்தியில் திரும்பி வரும்போது இன்னொரு முறை கிழிக்கும். கடித்த பொருளின் மிச்சம் இருந்தால் அதையும் பொட்டலமாகக் கொண்டு போனால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

கேரளத்தில் பெரும்பாலான பஞ்சாயத்துகளில் அரசு மிருக ஆஸ்பத்திரி உண்டு. வயிற்றைத் திறந்து எடுக்கும் நிலைக்குப் போனால் தனியாரிடம் ஒரு மாதச் சம்பளம் போய்விடும் என்பதால் முதலிலேயே போவதுதான் சிக்கனம். மொழி ஒரு தடையல்ல. 'பட்டிக்குட்டி முள்ளு விழுங்ஙி' என்றால் அங்கே புரிந்துகொள்வார்கள். மலையாளத்தில் பட்டி என்றால் நாய்! கோவில்பட்டியிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் வந்தவர்கள் ஊர்ப் பெயர் சொன்னதும் இங்குள்ளவர்கள் ஏன் சிரிக்கிறார்கள் என்பது புதிதாக வந்தவருக்கு இப்போது விளங்கும். வெறிநோய்க்குப் 'பேவிஷபாத' என்று பெயர். அதன் தடுப்பூசிச் சான்றைப் பத்திரமாக வைத்திருந்தால் பஞ்சாயத்தில் நாய் உரிமம் எடுக்கவும் உதவும்.

ஆறு, ஏழு மாதம் ஆனதும் குட்டியின் உதட்டைத் தூக்கி ஒரு முறை பார்க்க வேண்டும். கோரைப் பல் முளைத்த இடத்தில் பழைய பால்பல்லும் விழாமல் பக்கத்திலேயே நின்றால் அது தானாகப் போகாது. பொமரேனியன் போன்ற சிறு சாதிகளில் இது அதிகம். இரண்டு பல்லுக்கும் நடுவே உணவு தங்கி அழுகும். புதுப் பல் கோணலாக வளரும். வீட்டில் குறடு போட்டுப் பிடுங்கக் கூடாது. வேர் முறிந்து உள்ளே நின்றுவிடும். மயக்க மருந்து கொடுத்து டாக்டர் எடுத்துவிடுவார்.